உளி விட்டுச்சென்ற கணக்கு



வெவ்வேறு நாடுகளிலிருந்து இந்த நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்கு உறங்கப்போகும் நேரம். ஆகவே முன்னுரையை நீட்டாமல் பொருளுக்கு வந்துவிடுகிறேன். கோயில் கற்சிற்பங்களுக்குப் பின்னால் இருக்கும் தொழிலையும் உழைப்பையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று ஒரு பழமொழி உண்டு. தெருநாயை விரட்டக் கல் தேடுகிற கதையாகத்தான் பலரும் இதைச் சொல்கிறோம். கல்லில் செய்த நாய்ச் சிலையைப் பற்றிய பேச்சு இது என்று விளக்கம் தருபவர்களும் உண்டு. நாயாகப் பார்க்கிற கண்ணுக்குக் கல் தெரியாது. கல்லாகப் பார்த்தால் நாய் மறைந்துவிடும். இந்த இரண்டையும் பார்த்துவிடுகிற கண்ணுக்கும் மூன்றாவதாக ஒன்று தெரியாமல் போகிறது. அதைச் செய்த கை.

ஒரு பழைய கோயிலில் சிலையின் முன் நிற்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள். இது எந்தச் சாமி? எந்த ராஜா கட்டினது? இரண்டுக்கும் விடை கிடைத்ததும் நகர்ந்துவிடுகிறோம். "எப்படித்தான் செய்தார்களோ!" என்றும் சொல்வோம். ஆனால் அது கேள்வி மாதிரி இருக்கிற வியப்பு. விடையை எதிர்பார்த்து நாம் அதைக் கேட்பதில்லை. இன்று அந்த வாக்கியத்தை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொள்வோம். எப்படிச் செய்தார்கள்? யார் செய்தார்கள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது?

முதலில் கல்லிலிருந்து தொடங்கவேண்டும். எல்லாக் கல்லும் ஒரே கல் அல்ல. கர்நாடகத்தில் பாதாமி, பட்டதக்கல் பகுதிகளில் சாளுக்கியர்கள் செதுக்கியது மணற்கல். பேலூரிலும் ஹளேபீட்டிலும் ஹொய்சளச் சிற்பிகள் கையாண்டது மாக்கல் வகையைச் சேர்ந்த கல். மண்ணிலிருந்து எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு நாளாவட்டத்தில் இறுகும். அதனால்தான் அங்கே நகையின் மணிகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. தமிழ்நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் கருங்கல். அதை உளி வெட்டுவதில்லை, நொறுக்குகிறது. கூர்முனை உளியை வைத்து அடித்தால் ஒரு சிட்டிகைத் துகள் தெறிக்கும். அடுத்த அடிக்கு இன்னொரு சிட்டிகை. சிற்பம் என்பது அந்தச் சிட்டிகைகளின் கூட்டுத்தொகை.

இதைத் தெரிந்துகொண்டால் பாணி பற்றிய நம் தீர்ப்புகளும் மாறும். "ஹொய்சளச் சிற்பத்தில் இருக்கிற நுணுக்கம் பல்லவச் சிற்பத்தில் இல்லையே" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல்லவச் சிற்பி நுணுக்கம் தெரியாதவர் அல்லர். கையில் கிடைத்த கல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்தவர். உடலின் திரட்சி, தோளின் சாய்வு, நிற்கிற நிலை ஆகியவற்றில் அவர் பேசினார். ஆபரணத்தை ஒரு கோடாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். மாமல்லபுரத்து உருவங்களின் எளிமை அந்தப் பாறையோடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை.

தமிழகத்தில் கோயில்களை முதலில் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும்தான் கட்டினார்கள். கல்லுக்கு இங்கே வேறு வேலை இருந்தது. இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பெருங்கற்களை நாட்டினார்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு நடுகல் எடுத்தார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் செய்ததாகப் பெருமையோடு பொறித்துவைத்தான். அது நியாயமான பெருமைதான். ஆனால் அந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் தொழிலாளியின் பக்கத்திலிருந்து படித்துப்பாருங்கள். உலோகம் இல்லாமல் என்றால் கட்டடத்தில் உலோகம் இல்லை என்று பொருள். உளியில் இரும்பு இல்லாமலா அந்தப் பாறை குடைந்தது?

இந்த இரும்புதான் நாம் மறந்துவிடுகிற முதல் உழைப்பு. கருங்கல்லில் அடிக்க அடிக்க உளியின் முனை மழுங்கும். மழுங்கிய உளியால் அடிப்பது வீண் வேலை. அதனால் கல் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கொல்லுப்பட்டறை இருக்கவேண்டும். துருத்தி ஊதி, உளியைப் பழுக்கக் காய்ச்சி, முனையைத் தட்டிக் கூராக்கி, நீரில் தோய்த்துப் பதம் கொடுக்கவேண்டும். பதம் கூடினால் முனை முறிந்து தெறிக்கும், குறைந்தால் மடங்கும். ஒரு சிற்பியின் கையில் ஒரு நாளில் பல உளிகள் மாறும். சிற்பிகள் எத்தனை பேரோ, அதற்கேற்ற கொல்லர்களும் கரி சுடுபவர்களும் வேண்டும். ஒரு சிலையைப் பார்க்கும்போது அதற்குள் ஒரு காட்டின் விறகும் எரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

வேலை எப்படி நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சான்றுகள், பாதியில் நின்றுபோன வேலைகள். முழுதாக முடிந்த சிற்பம் தன்னை உருவாக்கிய தடயங்களைத் தானே அழித்துவிடுகிறது. முடியாத சிற்பம் அப்படியல்ல. அது ஒரு திறந்த பட்டறை.

மாமல்லபுரத்தில் அப்படிப்பட்ட திறந்த பட்டறைகள் நிறைய. ஒரு பாறை முகப்பை மண்டபமாகக் குடையவேண்டுமென்றால், முதலில் அதைச் சமப்படுத்திக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். சதுரங்களைச் சுற்றி ஆழமாகக் கோடு வெட்டிக்கொண்டே போவார்கள். கோடுகள் ஆழமாக ஆழமாக நடுவிலுள்ள சதுரங்கள் முண்டு முண்டாகத் துருத்தி நிற்கும். பிறகு அந்த முண்டுகளைப் பக்கவாட்டில் அடித்துத் தெறிக்க வைப்பார்கள். முழுப் பரப்பையும் தூளாக்க வேண்டியதில்லை. கோட்டை மட்டும் தூளாக்கினால் மீதியைத் துண்டாக எடுத்துவிடலாம். எவ்வளவு சிக்கனமான யோசனை! கட்டங்கள் தெரியும் நிலையிலேயே நின்றுபோன குடைவரைகள் அங்கே இன்றும் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பாடப்புத்தகம்.

ஐந்து ரதங்கள் என்று நாம் சொல்பவையும், ஊரின் மேற்குப் பக்கம் இருக்கும் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. மேலே கலசப் பகுதி ஓரளவு முடிந்திருக்கும். கீழே அடித்தளம் வெறும் பாறையாகவே நிற்கும். கழுகுமலையில் பாண்டியர்கள் எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய வெட்டுவான் கோயிலும் இப்படித்தான். மலையைச் சுற்றிலும் வெட்டித் தள்ளி, நடுவில் நிற்கும் பாறையை விமானமாக்கினார்கள். மேல்பகுதியில் உமாமகேசுவரரும் தட்சிணாமூர்த்தியும் அத்தனை அழகாக அமர்ந்திருக்க, கீழ்ப்பகுதி முடிவடையாமல் நிற்கிறது.

மேலிருந்து கீழாகச் செய்வதில் ஒரு வசதி உண்டு. சாரம் கட்டவேண்டாம், வெட்டாத பாறையே நிற்பதற்கு மேடை. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. கட்டுமானக் கோயிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே உடைந்தால் ஒட்டுவதற்கில்லை. விமானத்தின் உச்சியைச் செதுக்கத் தொடங்கும் அன்றே அடித்தளத்தின் அளவு அந்தத் தலைமைத் தச்சரின் மனத்தில் முடிவாகியிருக்கவேண்டும். கீழே வரும்போது பாறையில் விரிசல் தென்பட்டால் என்ன செய்வது? தெய்வம்தான் துணை.

அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் அழைக்கப்படும் பெரும்பாறைச் சிற்பத்தை நீங்கள் எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அதே ஊரில் அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிக் கைவிட்ட இன்னொரு பாறையும் இருக்கிறது. பயணிகள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், உருவங்களின் வெளிக்கோடு எப்படிப் பாறையிலிருந்து பிரிந்து வருகிறது என்பது தெரியும்.

அந்தப் பெரும்பாறையில் நான் சொல்ல விரும்புவது இரண்டு சிறிய விஷயங்கள். கங்கைக் கரையில் ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகள். இன்னொன்று, பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான். இதே ஊரின் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். தெய்வத் திருவுருவங்களுக்கு அளவும் முத்திரையும் வகுக்கும் நூல்கள் மானின் மூக்கரிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தே வளர்ந்த ஒருவருடைய கண் அங்கே இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் அந்த மனிதரின் நகைச்சுவை 1,300 ஆண்டுகள் கழித்து நமக்குக் கிடைக்கிறது.

பெயரே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. மாமல்லபுரத்துக்கு அருகில் பூஞ்சேரி என்ற ஊரில் ஒரு பாறையில் சில பெயர்கள் பல்லவர் கால எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். மாமல்லபுரத்தில் வேலை செய்த கலைஞர்களின் பெயர்களாக இவற்றை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதில் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். கொல்லன். உளிக்குக் கூர் கொடுத்தவரின் பெயரும் தச்சர்களின் பெயர்களோடு சேர்ந்தே நிற்கிறது. அந்தப் பாறையில் எழுதியவர்களுக்கு யார் இல்லாமல் வேலை நடக்காது என்று தெரிந்திருந்தது.

இனி தஞ்சைக்கு வருவோம். 1010இல் முடிவடைந்த இராசராசேச்சரம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். தஞ்சையைச் சுற்றி வயல்தான், மலை இல்லை. கல் ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால் நார்த்தாமலை வட்டாரத்திலிருந்து வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. பாறையில் வரிசையாகக் குழி போட்டு, குழிகளில் ஆப்பு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே போனால் பாறை அந்த வரிசையில் பிளக்கும். மர ஆப்பு வைத்துத் தண்ணீர் ஊற்றி, அது ஊதுவதால் பிளக்கச் செய்வார்கள் என்றும் சொல்வதுண்டு. பிளந்ததை உருட்டி, வண்டியில் ஏற்றி, ஆற்றுப் பள்ளங்களைத் தாண்டிக் கொண்டுவரவேண்டும். இதற்குள் எத்தனை மாடுகள், எத்தனை தோள்கள்!

உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும், அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்தளம் அமைத்து ஏற்றினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கட்டடத்தை அளந்து ஆராய்ந்தவர்கள் அது ஒரே கல் அல்ல, பல கற்களைப் பொருத்தி அமைத்தது என்று காட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் நம்மில் சிலருக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கல்லை மேலே இழுத்துப்போவது பலத்தின் கதை. பல கற்களை ஒன்றே என்று ஆயிரம் ஆண்டுகள் உலகம் நம்பும்படி இணைத்தது தொழிலின் கதை. இதில் எது பெரிது?

அதே கோயிலின் விமானத்துக்குள், மேல்தளத்துச் சுற்றுப்பாதையில் சிவபெருமானே பரதத்தின் 108 கரணங்களை ஆடிக் காட்டுவதாக ஒரு வரிசை இருக்கிறது. அதில் 81 மட்டுமே முடிந்தவை. மீதி 27 கற்கள் வெறுமையாகச் சுவரில் நிற்கின்றன. அந்த வெறுங்கற்கள் நமக்கு ஒரு செய்தி சொல்கின்றன. கல்லை முதலில் சுவரில் வைத்துவிட்டு, பிறகு அதன்மேல் செதுக்கியிருக்கிறார்கள். அதாவது வெளிச்சம் குறைந்த அந்தக் குறுகலான இடைவெளியில், விளக்கொளியில், தூசிக்கு நடுவே, உடலை ஒடுக்கிக்கொண்டு ஒருவர் நடனத்தைச் செதுக்கினார். 81ஆவது கரணத்தை முடித்துவிட்டு ஒரு நாள் அவர் உளியைக் கீழே வைத்தார்.

தஞ்சைக் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. கொடுத்த பொன், கொடுத்த நகை, ஊர்கள் அனுப்பவேண்டிய நெல் எல்லாம் கணக்காக இருக்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், எந்தத் தளியிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது உட்பட இருக்கின்றன. கோயில் பணியாளர்களுக்குப் பங்கு வகுக்கும் அந்த நீண்ட பட்டியலில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் வருகிறது. அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் ஆகியோரும் வருகிறார்கள். தலைமைத் தச்சர்கள் இவர்கள். ஆனால் அந்த 81 கரணங்களைச் செதுக்கியவர் யார்? துவாரபாலகரின் கையை மேலே உயர்த்தியவர் யார்? அந்தக் கல்வெட்டு எழுத்துகளையே வரி வரியாக வெட்டியதும் உளிபிடித்த ஒரு கைதானே. பிறர் கொடுத்த கொடைகளையெல்லாம் அந்தக் கை வெட்டியது. தன் கூலியை வெட்டவில்லை.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு சமாதானம் உண்டு. "நம் சிற்பிகள் அகந்தையைத் துறந்தவர்கள், அதனால் பெயர் போடவில்லை." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது முழுதும் பொருந்துவதில்லை. இதே சமயம், இதே ஆகமம் வழங்கிய அண்டை நாட்டில் சிற்பிகள் தாராளமாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். பேலூர்ச் சிற்பங்களில் பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜனின் பெயர் இருக்கிறது. 1268இல் எழுந்த சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் பல இடங்களில் கையொப்பமிட்டிருக்கிறார். அதற்கும் முன்னால், எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டதக்கலில் எடுத்த கோயிலில் குண்டன் என்கிற அனிவாரிதாசாரிக்கு அளித்த பட்டங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தென்னாட்டுச் சூத்திரதாரியான சர்வசித்தி ஆசாரியின் பெயரும் அங்கே இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் பக்தி குறைவா என்ன?

ஆகவே பெயரின்மையைத் துறவு என்று சொல்லிக் கடந்துபோவது நமக்கு வசதியான விடை. கல்வெட்டு என்பது நம் நாட்டில் பெரும்பாலும் உரிமைப் பத்திரம். நிலமோ பொன்னோ வரியோ யாருக்கு உரியது என்று நாளைக்கும் நிலைநிறுத்தவேண்டியவற்றையே கல்லில் வெட்டினார்கள். அன்றாடக் கூலி அன்றோடு தீர்ந்துபோகிறது. அது யாருக்கும் நிலையான உரிமையைத் தருவதில்லை. அதனால் கல்லில் ஏறவில்லை என்பதுதான் எனக்குச் சரியான காரணமாகப் படுகிறது.

அவர்களுடைய சமூக நிலையையும் பார்க்கவேண்டும். கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், கல்தச்சர் என்ற ஐந்து தொழிலாரைச் சேர்த்துக் கம்மாளர் என்கிறோம். கரூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு தொடங்கும் அரசாணை. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில சலுகைகளைக் கொடுக்கிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஒரு சலுகையை வழங்குகிறார்கள் என்றால் அதுவரை அது இல்லை என்று பொருள். அரசனுக்கு மாளிகையும் இறைவனுக்குக் கற்றளியும் எடுக்கத் தெரிந்த கூட்டத்தார், தங்கள் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரச ஆணைக்குக் காத்திருந்தார்கள். இந்த ஒரு கல்வெட்டைப் படித்த பிறகு எந்தக் கோயில் சுவரையும் பழைய மாதிரி பார்க்க முடிவதில்லை.

இப்போது ஒரு மூலவர் திருவுருவம் எப்படி உருவாகிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். முதல் வேலை கல்லைத் தேர்ந்தெடுப்பது. ஸ்தபதி கல்லைத் தட்டிக் கேட்பார். மணி போல ஓங்கி ஒலித்தால் ஆண் கல், இறைவன் உருவத்துக்கு. தாளம் போல ஒலித்தால் பெண் கல், அம்மன் உருவத்துக்கு. ஓசையே எழாதது அலிக்கல், தளவரிசைக்கும் பிற வேலைக்கும். இது சாத்திர வழக்கு. இதற்குள் ஒரு தொழில் அறிவும் இருக்கிறது. உள்ளே விரிசலோ பொந்தோ இருக்கும் கல் தெளிவாக ஒலிக்காது. கல்லுக்குள் தேரை என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதன் பின்னணியும், செதுக்கும்போது உள்ளே பொந்து கண்ட சிற்பிகளின் அச்சம்தானோ என்னவோ.

அடுத்தது அளவு. முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளம் 12 அங்குலம். ஓர் அங்குலம் 8 யவை, அதாவது எட்டு வாற்கோதுமை மணி. இந்த அங்குலம் நம் அடிக்கோலின் அங்குலம் அல்ல. சிலையின் உயரத்தைப் பகுத்துப் பெறுவது. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தச தாளம், 120. இந்தக் கணக்கு சிற்பியின் கற்பனையைக் கட்டிப்போட்டுவிடாதா என்று கேட்பார்கள். இசையில் ராகத்துக்கு ஆரோகண அவரோகணம் இருக்கிறது. அதைத் தெரிந்த எல்லோரும் ஒரே மாதிரி பாடிவிடுகிறார்களா?

கல்லில் காவியால் நடுக்கோடு இட்டு, நூல் பிடித்து, உருவத்தை வரைவார்கள். உளி பட்டதும் கோடு போய்விடும். திரும்ப வரையவேண்டும். மீண்டும் போகும், மீண்டும் வரையவேண்டும். உருவம் முழுமையாகும்வரை இப்படி எத்தனையோ முறை. கடைசியில் மெருகு. மணலும் நீரும் வைத்துத் தேய்ப்பார்கள். குருந்தக்கல் பொடியும் இதற்குப் பயன்பட்டது. ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். உலகுக்குச் சொல் போயிற்று. தேய்த்தவர்களின் கை இங்கேயே தேய்ந்தது.

எல்லாம் முடிந்தபின் கண் திறப்பு. பொன் ஊசி அல்லது பொன் உளி கொண்டு ஸ்தபதி கண்ணின் கோட்டைத் தீட்டுவார். பிறகு குடமுழுக்கு. அதற்குப்பின் ஆகம முறைப்படி நடக்கும் கோயில்களில் கருவறைக்குள் போய்த் திருமேனியைத் தொடும் உரிமை அர்ச்சகருக்கு மட்டும்தான். பல மாதம் மடியில் போட்டுக்கொள்ளாத குறையாக அந்தக் கல்லைத் தடவிப் பார்த்து, மூக்கின் நுனியைத் தேய்த்து, உதட்டின் ஓரத்தைச் சரிசெய்தவர், அன்று முதல் நம்மோடு வரிசையில் நின்று தூரத்திலிருந்து கும்பிடுவார். தன் கையால் செய்ததைத் தன்னைவிடப் பெரியதாக்கிவிட்டு விலகுவது பெரிய மனது என்று ஸ்தபதிகளே சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய மனது அவர்களுடையது; அதை ஏற்பாடாக்கி வைத்தது நாம்.

சிற்பிகளுக்குத் தங்களுக்குள் ஒரு நினைவு மரபு இருந்தது. கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி, கடாரங்கொண்டான் மதில் ஆகியவை நீங்கலாக எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். ஆவுடையார்கோயிலில் கொடுங்கையைப் பார்த்தால் இதன் பொருள் புரியும். மரச்சட்டமும் ஆணியும் வைத்து வேய்ந்த கூரையின் அடிப்பக்கம் எப்படி இருக்குமோ அப்படியே கருங்கல்லில் இருக்கும். தாரமங்கலத்தில் சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே வராது. ராஜாக்கள் வெற்றிகளைப் பட்டியலிட்டு மெய்க்கீர்த்தி எழுதினார்கள். கல்தச்சர்கள் எழுதிய மெய்க்கீர்த்தி இந்த ஒப்பந்த வாசகம்தான். தங்கள் தொழிலில் எது உச்சம் என்பதை அவர்களே தீர்மானித்து, மற்றவர் செய்ததை வணங்கி ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் வாழும் நமக்கு நேரடித் தொடர்புள்ள இரண்டு இடங்களையும் சொல்லவேண்டும். சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் எடுத்த சிவன் கோயிலின் கற்கள் கிடைத்துள்ளன. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. குப்லாய் கான் காலம். லிங்கத்தை வழிபடும் யானை, நரசிம்மர், கண்ணன் என்று காட்சிகள் எல்லாம் நம்முடையவை. ஆனால் செதுக்கியவர்கள் சீனச் சிற்பிகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூக்களிலும் அலங்காரங்களிலும் உள்ளூர்க் கை தெரிகிறது. வணிகர் கதையைச் சொல்லியிருப்பார். அந்தச் சிற்பி தனக்குத் தெரியாத ஒரு தெய்வத்தைத் தன் உளியால் புரிந்துகொள்ள முயன்றிருப்பார். புலம்பெயர்ந்தவர்களின் கோயில் எப்போதுமே வேறொருவரின் உழைப்பையும் சேர்த்துக்கொண்டுதான் எழுகிறது.

இன்னொன்று நம் காலத்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 2023இல் குடமுழுக்குக் கண்ட இறைவன் கோயில். வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. பெங்களூருக்கு அருகில் சிற்பிகளுக்கென்றே ஒரு குடியிருப்பு அமைத்து, 1990 முதல் அங்கே கையுளியால் கருங்கல்லைச் செதுக்கி, கப்பலில் அனுப்பி, தீவில் கோத்தார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல். இளைஞராக வேலையில் சேர்ந்த ஒருவர் முடியும்போது தாத்தாவாகியிருக்கலாம். பழைய கோயில்களுக்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு, நம் கண்முன்னே நடந்த இந்தக் கணக்கு ஓர் உரைகல்.

கையுளி என்று சொன்னேன். இன்று மாமல்லபுரத்துத் தெருக்களில் நடந்தால் உளிச் சத்தத்தைவிட மின்கருவியின் இரைச்சல்தான் அதிகம் கேட்கும். அங்கே 1957இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சிக் கூடம் கல்லூரியாக வளர்ந்து பல தலைமுறைகளை உருவாக்கியிருக்கிறது. அந்த ஊர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மின்கருவி வந்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். முதுகும் தோளும் படும் பாட்டை அது குறைத்தது. ஆனால் வேறொன்றைக் கொண்டுவந்தது. கையுளி தெறிக்க வைப்பது பெரும்பாலும் சில்லு. மின்சக்கரம் எழுப்புவது மாவு போன்ற தூசி. கருங்கல்லின் படிகத் துகள்கள் நுரையீரலில் படிந்து திசுவைத் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்கிறார்கள். வந்தபின் மாற்ற மருந்து இல்லை; வராமல் தடுக்கலாம். வெட்டும் இடத்தில் நீர் தெளிப்பது, தூசியை உறிஞ்சும் கருவி, தரமான முகக்கவசம். மூன்றும் செலவு பிடிப்பவை. சிலையின் விலையைப் பேரம் பேசிக் குறைக்கும்போது முதலில் குறைவது இந்தச் செலவுதான்.

இங்கே இருக்கும் பலர் உங்கள் ஊர்க் கோயில் குழுக்களில் இருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து விக்கிரகங்களும் தூண்களும் வரவழைத்திருப்பீர்கள். அடுத்த முறை விலைப்பட்டியல் வரும்போது அளவையும் கல்லின் தரத்தையும் கேட்பதோடு, பட்டறையில் தூசிக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்கு இடம் இருக்கும் சுவரில் இன்னும் ஒரு பலகைக்கு இடம் இல்லாமலா போய்விடும்?

பழைய கோயில்களில் செய்யவேண்டியதும் உண்டு. திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்தார்கள். அறநிலையத் துறை பின்னர் அதைத் தடை செய்தது. அந்த முறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கல்வெட்டு எழுத்தும் போகும், சிற்பியின் கடைசி மெருகும் போகும், உளியின் தழும்பும் போகும். எழுதப்படாமல் போனவர்கள் விட்டுச்சென்ற ஒரே பதிவு அந்தத் தழும்புகள்தான். அவற்றை அழிப்பது ஒரு கல்வெட்டை அழிப்பதற்குச் சமம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போவீர்கள். சாமி பெயரையும் ராஜா பெயரையும் சொல்லிக்கொடுங்கள். பிறகு தூணின் பின்பக்கம், சிலையின் முதுகு, கொடுங்கையின் அடி என்று மெருகு ஏறாத ஓர் இடத்தைத் தேடிக் காட்டுங்கள். அங்கே புள்ளி புள்ளியாக உளி விழுந்த தடம் இருக்கும். அதன்மேல் பிள்ளையின் விரலை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அடி. எண்ணிப்பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சாண் பரப்பை எண்ணி முடிப்பதற்குள் அந்தக் குழந்தைக்குக் கை வலிக்கும்.